குடல் காசநோயா, குரோன் நோயா? பத்தாவது வாரத்தில் குழம்பி நிற்கும் வாசகிக்கு

கொங்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 31 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஓராண்டுக்கும் மேலாக அவருக்கு வலப்பக்க அடிவயிற்றில் வலி. சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு இரைந்து, சுருட்டிப் பிடித்து, பிறகு தணிகிறது. முதல் எட்டு மாதங்கள் ‘வாய்வு’, ‘அல்சர்’, ‘மனஅழுத்தம்’ என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் சொல்ல, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளோடு காலம் போயிருக்கிறது. அதற்குள் 54 கிலோவாக இருந்த எடை 43 ஆகிவிட்டது; மாலை நேரத்தில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கவிருந்த நிலையில், ஸ்கேனில் சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்திருப்பது தெரிந்ததால், ஒரு மருத்துவர் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்திருக்கிறார். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் புண்களும் சிறிது சுருக்கமும் இருந்தன. அங்கிருந்து எடுத்த திசுவில் ‘கிரானுலோமா’ காணப்பட்டது. காசநோய்க் கிருமி தென்படவில்லை. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையிலும் கிருமி இல்லை என்றே முடிவு வந்தது. டிபி கோல்டு என்னும் இரத்தச் சோதனை மட்டும் பாசிட்டிவ். மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. மருத்துவர் காசநோய் மருந்துகளைத் தொடங்கினார்.

இப்போது பத்து வாரம் முடிந்திருக்கிறது. காய்ச்சல் நின்றுவிட்டது, எடை 45 கிலோவைத் தாண்டியிருக்கிறது, ஆனால் உணவுக்குப் பின் வரும் வலி போகவில்லை. உறவினர் வற்புறுத்தியதால் பெருநகர மருத்துவமனை ஒன்றுக்குப் போனபோது, பழைய அறிக்கைகளைப் பார்த்த மருத்துவர், “இது குரோன் நோயாகத்தான் இருக்கும், காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு தொடங்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். குரோன் என்பது கிருமித் தொற்றாக இல்லாமல், உடலின் எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்குவதால் வரும் நாட்பட்ட அழற்சி. கணவர், பத்து வாரம் தவறான மருந்து கொடுத்துவிட்டார்கள் என்று வழக்குத் தொடுக்க நினைக்கிறார். மாமியார் தட்டு, டம்ளர், படுக்கை எல்லாவற்றையும் தனியாக்கிவிட்டார். குழந்தை பெறும் திட்டம் தள்ளிப் போயிருக்கிறது. “எந்த மருத்துவர் சொல்வது சரி, நான் எந்த மாத்திரையை விழுங்க வேண்டும்?” என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டை இன்னும் தொடங்காதீர்கள். இரண்டாவது கொலோனோஸ்கோபிக்கு இந்த வாரமே நாள் வாங்குங்கள். இரண்டு மருத்துவர்களில் யார் சரி என்பதை அறிக்கைகளை மறுபடி மறுபடி படித்துத் தீர்க்க முடியாது. பத்து வார மருந்துக்குப் பிறகு அந்தப் புண்கள் என்ன ஆகியிருக்கின்றன என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். இப்படிச் சொல்வதற்கான காரணங்களைச் சற்று விரிவாக எழுதுகிறேன். உங்கள் கணவரும் இதைப் படித்தால் நல்லது.

ஒரே இடத்தில் தங்கும் இரண்டு நோய்கள்

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் அடையாளம் காட்டினார். குரோன் நோயை நியூயார்க் மருத்துவர் பர்ரில் குரோனும் அவருடைய கூட்டாளிகளும் 1932-இல் விவரித்தார்கள். அதற்கும் முன்பே, 1913-இல், கிளாஸ்கோவின் அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்னடி டால்சியல் இதே போன்ற குடல் தடிப்பைப் பதிவு செய்தபோது, கால்நடைகளுக்கு வரும் ஒரு குடல்நோயோடு அதை ஒப்பிட்டார்; அந்தக் கால்நடை நோயை உண்டாக்குவது காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிர். அதாவது, குரோன் நோய் மருத்துவ நூலுக்குள் நுழைந்த நாளிலிருந்தே இந்தக் குழப்பம் அதன் கூடவே வருகிறது.

இரண்டுமே சிறுகுடலின் கடைசிப் பகுதியை விரும்பித் தேர்ந்தெடுக்கின்றன. இரண்டிலும் புண், தடிப்பு, சுருக்கம், வலி, எடைக்குறைவு உண்டு. இரண்டிலும் திசுவில் கிரானுலோமா தெரியலாம். உங்கள் கடிதத்தில் “பயாப்ஸியில் கிரானுலோமா வந்துவிட்டதால் காசநோய் உறுதி என்று நினைத்திருந்தோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். கிரானுலோமா என்பது உடலின் எதிர்ப்பு அணுக்கள் ஓரிடத்தில் குவிந்து நிற்கும் திரள். அந்தத் திரள்கள் பெரியவையாகவும், பலவாகவும், ஒன்றோடொன்று இணைந்தும், நடுவில் பாலாடைக் கட்டி போல் சிதைந்தும் இருந்தால் காசநோய் என்று துணிந்து சொல்லலாம். சிறியவையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் குரோன் பக்கம் சாயலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாடுகளைத் தெளிவாக வகுத்தது. இன்றும் நாங்கள் அதைப் பின்பற்றுகிறோம். நீங்கள் அனுப்பிய நகலில் திரளின் அளவோ எண்ணிக்கையோ குறிப்பிடப்படவில்லை. எனவே அந்த அறிக்கை எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை.

கிருமி தென்படாததும் காசநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நுரையீரல் நோயாளியின் சளியில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். குடல் திசுவில் அவை மிகச் சொற்பம். கடுகளவுத் துணுக்கில் அகப்படாமல் போவதே வழக்கம். ஜீன் எக்ஸ்பர்ட் கிருமியைக் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் அதை வைத்து எதையும் தள்ளிவிடக் கூடாது. டிபி கோல்டு சோதனையோ இதற்கு நேர்மாறான சிக்கல் உடையது. நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கெல்லாம் இந்தச் சோதனை பாசிட்டிவ் என்று வரலாம். குடலில் இருக்கும் புண்ணை உண்டாக்கியது அந்தக் கிருமிதானா என்று சொல்லும் ஆற்றல் அந்தச் சோதனைக்கு இல்லை.

முதல் மருத்துவர் தவறு செய்தாரா?

உங்கள் கடிதத்தில் இருப்பதை மட்டும் வைத்துச் சொல்கிறேன்: அவர் செய்தது எங்கள் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. இரண்டு நோய்களையும் பிரிக்க முடியாத நிலையில், காசநோய் மிகுந்த நாடுகளில், முதலில் காசநோய் மருந்தைக் கொடுத்து, இரண்டு மூன்று மாதங்களில் குடலை மறுபடி பார்ப்பது என்பதே நடைமுறை. இங்கே மருந்துதான் சோதனையும்கூட. காசநோயாக இருந்தால் புண்கள் அந்தக் காலத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். குரோன் நோயாக இருந்தால், வலி சற்றுக் குறைந்தாலும், புண்கள் அப்படியே நிற்கும்.

ஏன் காசநோய் மருந்து முதலில், ஸ்டீராய்டு பிறகு? இந்த வரிசையைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் எங்கள் பிரிவில் இருந்த ஓர் இளைஞருக்கு, குடலின் தோற்றம் குரோன் நோயைப் போலவே இருந்ததால், ஸ்டீராய்டு தொடங்கினோம். முதல் இரண்டு வாரம் அவர் எழுந்து நடந்தார், பசி எடுத்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். ஆறாவது வாரத்தில் காய்ச்சலோடும் வயிறு நிறைய நீரோடும் திரும்பி வந்தார். மார்பு எக்ஸ்ரே முழுவதும் கடுகு தூவியது போல் காசநோய். பிழைத்துக்கொண்டார்; ஆனால் அதற்குள் அவரும் அவர் தாயாரும் பட்ட பாட்டை என்னால் மறக்க முடியவில்லை. ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. கிருமி இருக்கும் உடலில் அதைத் தனியாகக் கொடுத்தால் பரவ வழிவிட்டதாகிவிடும். மாறாக, குரோன் நோயாளிக்குச் சில வாரம் காசநோய் மருந்து கொடுத்தால் ஏற்படும் இழப்பு, பெரும்பாலும், அந்தச் சில வாரங்கள்தான்.

‘பெரும்பாலும்’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். அந்த இழப்பைச் சிறிதாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. காசநோய் மருந்துகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். அவற்றில் ஒன்றான எத்தாம்பியூட்டால் பார்வையை, குறிப்பாக நிறம் பிரித்தறிவதை, மங்கச் செய்யலாம். குரோன் நோயாக இருந்து, மறுபரிசோதனை இல்லாமல் ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று காசநோய் மருந்தே ஓடினால், அதற்குள் புண் தழும்பாகி, குடல் நிரந்தரமாகச் சுருங்கிவிடும். நம் ஊர்களில் நடக்கும் உண்மையான தவறு இதுதான்: மருந்தைத் தொடங்குகிறார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை. உங்களுக்கு மறுபரிசோதனைத் தேதி எழுதித் தரப்பட்டதா என்று பழைய சீட்டுகளில் பாருங்கள். எழுதியிருந்து நீங்கள் போகாமல் இருந்திருக்கலாம், எழுதப்படாமலே விடப்பட்டிருக்கலாம். எப்படியானாலும் பத்தாவது வாரம் காலம் கடந்த நேரமாகாது.

இரண்டாவது மருத்துவர் சொல்வதன் எடை

அவருடைய ஐயமும் நியாயமானதே. மார்பில் தடயம் இல்லை, கிருமி அகப்படவில்லை, பத்து வார மருந்துக்குப் பிறகும் வலி நிற்கவில்லை. குரோன் நோயை நினைக்க இவை போதும். ஆனால் அதை முடிவு செய்ய இவை போதா. வலி நீடிப்பதற்கு வேறு விளக்கமும் இருக்கிறது. முதல் பரிசோதனையிலேயே குடலில் சுருக்கம் இருந்தது. காசநோய்ப் புண் ஆறும்போது அந்த இடம் தழும்பாகி மேலும் இறுகலாம். அப்படியானால் நோய் குணமாகிக்கொண்டிருக்கும்போதே, உணவு அந்த இடத்தைக் கடக்கையில் இரைச்சலும் சுருட்டிப் பிடிக்கும் வலியும் தொடரும். உங்கள் விவரிப்பு அதற்கும் மிகப் பொருந்துகிறது. காய்ச்சல் நின்றதும் எடை ஏறியதும் காசநோய்க்குச் சாதகமாகத் தோன்றினாலும், அவற்றையும் நான் அதிகம் நம்ப மாட்டேன். குரோன் நோயாளிகளில் சிலருக்கும் இந்த மருந்தில் அறிகுறிகள் தற்காலிகமாகத் தணிவதுண்டு. ஆகவே வலி இருப்பதை வைத்துக் குரோன் என்றோ, காய்ச்சல் போனதை வைத்துக் காசநோய் என்றோ நாம் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இன்னொன்று. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் உடலில் இருக்கும்போது ஸ்டீராய்டு வேகமாகச் சிதைந்துவிடும். ஸ்டீராய்டோ, எந்த நோயாக இருந்தாலும், வலியையும் வீக்கத்தையும் ஓரளவு மறைத்துவிடும். இரண்டையும் கலந்துவிட்டால், பத்து வாரமாக நீங்கள் பொறுமையோடு விழுங்கிய மாத்திரைகள் சொல்ல வந்த விடையைக் கேட்க முடியாமல் போய்விடும். இதை அந்த மருத்துவரிடமே மரியாதையோடு கேளுங்கள்: “ஐயா, ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்துவிடலாமா?” பெரும்பாலான மருத்துவர்கள் இதற்கு உடனே ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டாவது கொலோனோஸ்கோபிக்குப் போகும்போது

முதல்முறை மருந்துக் கரைசலைக் குடிக்க முடியாமல் வாந்தி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். குடலில் சுருக்கம் இருப்பதால், முழுக் கரைசலையும் ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம். முந்தின நாள் மாலையில் பாதியும் மறுநாள் அதிகாலையில் பாதியுமாகப் பிரித்துக் குடிக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே கீரை, பழ விதை, முழுத் தானியம் வேண்டாம்.

மூன்று காரியங்களை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாவது, பழைய பரிசோதனையின் படங்களும் குறுந்தகடும் புதிய மருத்துவரின் மேசையில் இருக்க வேண்டும். ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லையென்றால் ‘ஆறியிருக்கிறதா’ என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. இரண்டாவது, திசுத் துணுக்குகள் இரண்டு குப்பிகளில் போக வேண்டும். ஒன்று ஃபார்மலினில், நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு. மற்றொன்று உப்புநீரில், கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும். ஃபார்மலினில் போட்ட கிருமி செத்துவிடும். பிறகு அதை வளர்க்க இயலாது. சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் இந்தக் குப்பியை மறந்ததால் திரும்பவும் மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். வளர்ப்புச் சோதனையின் முடிவு வர ஆறு வாரம் வரை ஆகலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். மூன்றாவது, முதல் பயாப்ஸியின் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் முதல் மருத்துவமனையிலிருந்து பெற்று, குடல் திசுக்களைப் பார்த்துப் பழகிய நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவரிடம் மறுபார்வைக்குக் கொடுங்கள். அவற்றைக் கேட்டுப் பெறுவது புகார் செய்வதாகாது.

சிறுகுடலை முழுதாகக் காட்டும் ஸ்கேனான சிடி என்டரோகிராஃபி எடுக்கவில்லை என்றால் இப்போது எடுக்கலாம். கொலோனோஸ்கோபியின் குழாய் எட்டாத சிறுகுடலின் நடுப்பகுதியில் விட்டுவிட்டுப் புண்கள் இருந்தால் அது குரோனுக்குச் சாதகம். நடுவில் சிதைந்த நிணநீர்க் கட்டிகள் தெரிந்தால் அது காசநோய்க்குச் சாதகம். மலத்தில் கால்புரோடெக்டின் அளவு குடல் அழற்சி குறைகிறதா என்று காட்டும். ஆனால் இரண்டு நோயிலும் அது உயர்வதால், எது என்று அது சொல்லாது.

முடிவு எப்படி வந்தால் என்ன செய்வது

புண்கள் ஆறியிருந்தால் காசநோய்தான் என்று கொண்டு, மருந்தை மொத்தம் ஆறு மாதம் முடிக்க வேண்டும். ஒன்பது மாதமா, ஓராண்டா என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். சென்னையிலிருந்த காசநோய் ஆராய்ச்சி மையம் வயிற்றுக் காசநோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஆறு மாதச் சிகிச்சை பன்னிரண்டு மாதச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று 1997-இல் எழுதியது. தில்லி எய்ம்ஸ் தலைமையில் 2015-இல் வெளிவந்த ஆய்வும் ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் வேறுபாடு இல்லை என்று கண்டது. புண் ஆறி, சுருக்கம் மட்டும் மிஞ்சி வலி தந்தால், அதை மாத்திரை கரைக்காது. கொலோனோஸ்கோபி வழியாகவே பலூன் வைத்து விரிக்கலாம். தேவைப்பட்டால் அந்தச் சிறு பகுதியை அறுவைச் சிகிச்சையில் நீக்கலாம். மருந்து முடிந்த பிறகும் ஓராண்டு தொடர்ந்து காட்டிக்கொள்ளுங்கள். அபூர்வமாகச் சிலருக்குப் பின்னாளில்தான் நோயின் உண்மை முகம் தெரிகிறது.

புண்கள் அப்படியே இருந்தால் உடனே ‘குரோன்’ என்று முத்திரை குத்துவதற்கு முன், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க் கிருமியா என்று வளர்ப்புச் சோதனை மூலம் பார்க்க வேண்டும். புதிய திசுவில் வேறு எதுவும், குறிப்பாக நிணநீர்ப் புற்று, இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். அதன்பின் குரோன் நோய்க்கான சிகிச்சை. அப்போது ஸ்டீராய்டு தருவது நியாயம். ஆனால் அது சில வாரங்களுக்கு மட்டும் தீயை அணைக்கும் மருந்து. மீண்டும் மூளாமல் காப்பதற்கு அசதையோபிரின் போன்றவை தேவை. நம்மவர்களில் ஒரு பகுதியினருக்கு மரபணு வேறுபாட்டால் அந்த மருந்து வெள்ளணுக்களைத் திடீரெனக் குறைத்து முடியைக் கொட்டச் செய்யும் என்பதால், தொடக்கத்தில் அடிக்கடி இரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். முன்கூட்டியே மரபணுச் சோதனை செய்துகொள்ளவும் வழியுண்டு. குரோன் நோய்க்குத் தரப்படும், எதிர்ப்பாற்றலை அடக்கும் அடலிமுமாப் போன்ற ஊசிகளின் விலை, 2014-இல் இந்தியத் தயாரிப்புகள் வந்த பிறகு, குறைந்திருக்கிறது. உறங்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடக்கூடியவை அவை. உங்கள் டிபி கோல்டு பாசிட்டிவ் என்பதை அப்போது மருத்துவருக்கு மறக்காமல் சொல்ல வேண்டும். குரோன் வாழ்நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டிய நோய் என்பது உண்மை. அதனோடு வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, ஓய்வு பெற்றவர்கள் என் நோயாளிகளில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

தட்டும் டம்ளரும்

உங்கள் மாமியார் பயப்படுவதில் கெட்ட எண்ணம் இல்லை. அவர் தலைமுறை காசநோயில் பலரை இழந்திருக்கிறது. ஆனால் அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். காசநோய் பரவுவது நுரையீரல் நோயாளி இருமும்போது காற்று வழியாக. உங்கள் மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது, இருமல் இல்லை. குடலில் மட்டும் இருக்கும் காசநோய் தட்டில், டம்ளரில், போர்வையில், அருகே உட்கார்ந்து சாப்பிடுவதில் பரவாது. குரோன் நோயோ தொற்றே கிடையாது. நுரையீரல் நோயாளிகளைக்கூட வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை செய்யலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று உலகுக்கு எடுத்துக்காட்டியது 1956-இல் தொடங்கிய சென்னை ஆய்வு. அதன் முடிவுகள் 1959-இல் வெளிவந்தபின் உலகெங்கும் காசநோய்ச் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன. நம் ஊரிலிருந்து உலகம் கற்றுக்கொண்டதை நம் வீடுகளில் மறந்துவிடக் கூடாது. தனித்தட்டை இன்றே எடுத்துவிடலாம்.

நீங்களும் ஒன்றை மாற்ற வேண்டும். மூன்று மாதமாகக் கஞ்சியும் இளநீரும் மட்டுமே உணவு என்று எழுதியிருக்கிறீர்கள். 45 கிலோ எடையில் இது உடலுக்குச் செய்யும் உதவியில்லை. முட்டை, மீன், குழைய வெந்த பருப்பு, தயிர், இட்லி, மசித்த காய்கறி எல்லாம் சாப்பிடலாம். குடல் சுருங்கியிருக்கலாம் என்பதால் நாரும் சக்கையும் நிறைந்தவற்றை, அதாவது முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் ஆகியவற்றை, கொலோனோஸ்கோபி முடியும்வரை தவிர்த்தால் போதும். பி12 சத்தை உறிஞ்சுவது சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதிதான். அதையும் இரும்பு, வைட்டமின் டி அளவுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சித்தி அனுப்பிய கஷாயத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையில், கல்லீரலில் கோளாறு வந்தால் மாத்திரையாலா, கஷாயத்தாலா என்று எங்களால் பிரிக்க முடியாது.

குழந்தை பற்றி

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். ரிஃபாம்பிசின் அந்த மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். ஆகவே ஆணுறை போன்ற வேறு முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்றே. அதையும் மீறிக் கரு உண்டானால் பதற வேண்டாம். காசநோயின் முதல்நிலை மருந்துகளைக் கர்ப்பத்திலும் தொடரலாம், மருத்துவரிடம் உடனே சொன்னால் போதும். குரோன் நோயாக இருந்தாலும் தாய்மைக்குத் தடையில்லை. நோய் குறைந்தது மூன்று மாதமாவது அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லது. குரோன் நோய்க்குச் சிலருக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை, பிள்ளை பெற நினைப்பவர் என்று சொல்லித் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கணவருக்கு

தனியார் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. புகார் செய்ய இரண்டாண்டு அவகாசமும் உண்டு. எனவே உங்கள் உரிமை எங்கும் ஓடிப்போகவில்லை. ஆனால் நல்ல நம்பிக்கையில் செய்த கணிப்பு பின்னர் வேறாக முடிந்தால் அதுவே கவனக்குறைவு ஆகிவிடாது என்பதையும், துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட முறையைப் பின்பற்றினாரா என்பதே அளவுகோல் என்பதையும் அதே நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் விளக்கியிருக்கிறது. என் கணிப்பில் இங்கே கேட்க வேண்டிய கேள்வி, எட்டு மாதம் எடை குறைந்துகொண்டிருந்தபோது ஏன் யாரும் உள்ளே பார்க்கவில்லை என்பதுதான். அதற்கு விடை ஒரே மருத்துவரிடம் இல்லை. இப்போது செய்ய வேண்டியது, எல்லா மருத்துவப் பதிவுகளையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. காசநோய் 2012 முதல் அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய். தனியார் மருத்துவரும் அரசின் காசநோய்ப் பதிவு இணையதளமான நிக்ஷயில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பெயர் பதிவாகியிருந்தால் மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆதாரைக் காட்டி விசாரியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தெந்தச் சிகிச்சை அதில் சேரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குடல் இரைப்பை மருத்துவத் துறை இருக்கிறது. இந்த இரு நோய்களையும் அதிகம் பார்த்துப் பழகிய கைகள் அங்கே உண்டு.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைக் கண்டு பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது ரிஃபாம்பிசினின் நிறம், ஆபத்தில்லை. ஆனால் கண் மஞ்சளாவது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, ஓயாத வாந்தி ஆகியவை கல்லீரலின் எச்சரிக்கை. அப்போது அன்றைய மாத்திரையை விழுங்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பார்வை மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அன்றே சொல்லுங்கள். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி வந்து, காற்றும் மலமும் பிரியாமல் நின்றுவிட்டால் குடல் அடைபட்டிருக்கலாம். மலத்தில் இரத்தம் கூடுதலாகப் போனாலும், காய்ச்சல் திரும்ப வந்தாலும் அப்படியே. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போட வேண்டாம். அவை குடல் புண்ணைக் கிளறிவிடும்.

கொலோனோஸ்கோபிப் படங்கள், இரண்டு பயாப்ஸி அறிக்கைகள், மருந்து தொடங்கிய தேதி, இப்போது விழுங்கும் மாத்திரைகளின் பட்டியல் ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், அங்கே பணியில் இருக்கும் மருத்துவருக்கு உங்களை முன்பின் தெரியாது. கோப்பைப் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார்.